நான்கு குடித்தனங்களுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி: எந்த ஏற்பாடு நல்லது?

இரவு பதினொரு மணி இருக்கும். மேல்மாடிக் குடித்தனத்துப் பெண் கதவைத் தட்டினார். இடுப்பில் குழந்தை. "அண்ணா, குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கழுவிவிடக்கூட ஒரு வாளித் தண்ணீர் இல்லை" என்றார். அவர் கோபப்படவில்லை. மூன்று மாதமாகக் கோபப்பட்டுச் சலித்திருந்தார்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வாளி கொடுத்தனுப்பிவிட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி மேல்தொட்டியின் மூடியைத் திறந்தேன். காலை ஆறு மணிக்கு விளிம்பு வரை நிரப்பிய 2000 லிட்டர் தொட்டி. அடியில் வண்டல் படிந்த தரைதான் தெரிந்தது.

நான் வாடகைக்கு விட்டிருக்கும் அந்தக் கட்டடத்தில் நான்கு குடித்தனங்கள். கீழே ஆறு பேர் உள்ள ஒரு குடும்பம், பக்கத்தில் தனியாக இருக்கும் ஓர் இளைஞர், மாடியில் நான்கு பேரும் மூன்று பேருமாக இரண்டு குடும்பங்கள். தண்ணீர் பற்றாத நாள் முதல் எல்லோருடைய விரலும் அந்த ஆறு பேர் குடும்பத்தையே சுட்டியது. நானும் ஒருமுறை அந்த வீட்டுப் பெரியவரிடம், "கொஞ்சம் பார்த்துச் செலவு செய்யுங்கள் ஐயா" என்று சொல்லியிருந்தேன். அவர் பதில் பேசவில்லை.

மறுநாள் இரவு, செய்திருக்க வேண்டிய வேலையை மூன்று மாதம் தாமதமாகச் செய்தேன். தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, ஒரு நீளக் கம்பை உள்ளே நிறுத்தி நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டேன். எல்லோரும் தூங்கும் நேரமான நள்ளிரவு 12 மணி முதல் 4 மணி வரையில் மட்டம் 9 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தொட்டியின் குறுக்களவு 1.2 மீட்டர். அந்த அளவுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 11 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. ஆக, ஒருவரும் குழாயைத் திறக்காத நான்கு மணி நேரத்தில் 100 லிட்டர். ஒரு நாளைக்கு 600 லிட்டர்.

விடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டியிலும் கொஞ்சம் வண்ணப் பொடியைக் கலந்துவிட்டு, இருபது நிமிடம் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தனியாக இருக்கும் அந்த இளைஞர் வீட்டுக் கழிப்பறைக் கோப்பையில் நீல நீர் இழையாக இறங்கிக்கொண்டிருந்தது. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். கட்டடத்திலேயே மிகக் குறைவாகத் தண்ணீர் செலவழிப்பவர் என்று நாங்கள் நம்பிய வீடு அது. அடைப்பானின் ரப்பர் வாஷர் தேய்ந்து போயிருந்தது. அவ்வளவுதான்.

நான் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதோடு இதை விட்டுவிட முடியவில்லை. ஒரு வாஷர் தேய்ந்ததற்கு நான்கு வீடுகளும் தண்டனை அனுபவிக்கும்படியும், தவறு செய்யாதவர் பழி சுமக்கும்படியும் இருக்கிற ஏற்பாட்டில்தான் கோளாறு இருக்கிறது என்று தோன்றியது. வாடகைக் கட்டடத்தில் தண்ணீரைப் பங்கிடப் பெரும்பாலும் நான்கு வழிகள் உண்டு. பொதுத் தொட்டி வைத்து வாடகைக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்துவிடுவது. நேரம் வைத்துத் திறந்துவிடுவது. பொதுத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் வைப்பது. வீட்டுக்கு ஒரு தனித்தொட்டி வைப்பது. இவற்றில் மூன்றை என் கட்டடத்திலேயே பார்த்துவிட்டேன். மீட்டர் ஏற்பாட்டை என் அக்கா குடியிருக்கும் பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடத்தில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு கணக்கு

எந்த வழியை எடுத்தாலும், கட்டடத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பது கையில் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வரை இருந்தால்தான் அடிப்படைத் தேவைகள் பெரும்பாலும் நிறைவேறும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். துவைக்கும் இயந்திரமும் ஷவரும் உள்ள வீடுகளில் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும். நான் ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். 14 பேருக்கு 1400 லிட்டர். கசிவு 600 லிட்டர். கூட்டினால் 2000. தொட்டி ஏன் அன்றாடம் இரவில் காலியானது என்பது இந்தக் கூட்டலிலேயே இருந்தது. மூன்று மாதச் சண்டைக்கு முன்னால் யாரும் இதைப் போட்டுப் பார்க்கவில்லை.

பற்றாக்குறை என்றதும் பெரிய தொட்டியாக வாங்கிப் போடுங்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை. 1000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் மொட்டைமாடியில் ஏற்றக் கூடாது. தேவைக்கு மேல் பெரிதாக வைத்தால் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி, அதிலிருக்கும் குளோரின் குறைந்து போய்விடும். கிருமியைத் தடுக்கும் காவல் அதோடு போய்விடுகிறது. மேலே ஒரு நாள் தேவை, கீழே தரைத்தொட்டியில் இன்னும் ஓரிரு நாள் தேவை என்பது பெரும்பாலான கட்டடங்களுக்குப் போதும். பெரிய தொட்டியால் கசிவு நிற்காது. அது தெரியவரும் நாள் தள்ளிப்போகும்.

பொதுத் தொட்டி, வாடகைக்குள் தண்ணீர்

நிறையக் கட்டடங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு தொட்டி, ஒரு மோட்டார், ஒரு மூடி. சுத்தம் செய்வது எளிது. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் வேலை இல்லை. இரண்டு குடித்தனங்கள் மட்டும் இருந்து, தண்ணீர் தாராளமாக வரும் இடமாக இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

தண்ணீர் இறுக்கமாகும்போதுதான் இதன் குறைகள் வெளியே வரும். முதல் குறை, செலவழிப்பது யார் என்று எவருக்கும் தெரியாது. இரண்டாவது குறை பலரும் கவனிக்காதது: ஒரே தொட்டியானாலும் எல்லா மாடிக்கும் ஒரே அளவு தண்ணீர் போவதில்லை. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையில் பத்து மீட்டர் உயரம் இருந்தால் சுமார் ஒரு 'பார்' என்ற அளவு அழுத்தம் கிடைக்கும். மேல்மாடிக் குழாய் இரண்டு மீட்டர் கீழேதான் இருக்கிறது. தரைத்தள வீட்டுக் குழாய் எட்டு மீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் நான்கு மடங்கானால் நீரோட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே மாதிரிக் குழாயை ஒரே நேரம் திறந்து வைத்தாலும் கீழ்வீட்டில் இரண்டு வாளி நிரம்பும்போது மேல்வீட்டில் ஒரு வாளிதான் நிரம்பும். இதில் யாருடைய பேராசையும் இல்லை. எல்லா வீடுகளுக்கும் ஒரே இறக்குக் குழாய் என்றால் இன்னும் மோசம். கீழே இரண்டு குழாய்களைத் திறந்ததும் மேலே காற்று இழுக்கும்.

பொதுத் தொட்டியையே வைத்துக்கொள்வதானால் இரண்டு மாற்றங்களையாவது செய்துவிடுங்கள். ஒன்று, வீட்டுக்கு ஒரு தனி இறக்குக் குழாய், அதன் தலைப்பில் ஒரு வால்வு. எந்த வீட்டில் கசிவு என்று கண்டுபிடிக்க, இரவில் ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்தாலே போதும். எனக்கு அந்த வசதி இருந்திருந்தால் வீடு வீடாக வண்ணப் பொடி கொண்டுபோயிருக்க வேண்டியதில்லை.

மற்றது, வெளிக்குழாய்களின் உயரம். தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் துளைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. வாசல் கழுவ, வண்டி கழுவ, செடிக்கு ஊற்ற என்று இருக்கும் பொதுக்குழாயைத் தொட்டியின் பாதி உயரத்திலிருந்து எடுங்கள். வீட்டுக்குள் போகும் குழாயைத் தரையிலிருந்து ஒரு கையகலம் உயர்த்தி எடுங்கள். அடிமட்டத்தில் வண்டல் கழிக்கும் துளை மட்டும் இருக்கட்டும். தொட்டி பாதியானதும் வண்டி கழுவும் குழாய் தானாக நின்றுவிடும். சமையலறைக் குழாய் தொடர்ந்து வரும். யாரையும் கடிந்துகொள்ளாமல், சாவி போட்டுப் பூட்டாமல், முக்கியமான தேவைக்கு முன்னுரிமை கிடைக்கிறது. அரை நாள் குழாய் வேலைதான். இதுவரை நான் பார்த்த ஏற்பாடுகளில் செலவு குறைவு, பயன் அதிகம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

நேரம் வைத்துத் திறப்பது

இதை நான் இரண்டு மாதம் செய்தேன், செய்திருக்கக் கூடாது. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் வால்வைத் திறந்தால் செலவு குறையும் என்று நம்பினேன். நடந்தது வேறு. தண்ணீர் எப்போது நிற்குமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் டிரம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பினார்கள். அடுத்த முறை வரும்போது பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தார்கள். தண்ணீர் இல்லாத நேரத்தில் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்த குழாய், வால்வைத் திறந்ததும் கொட்டத் தொடங்கிவிடும். பூட்டிய வீடாக இருந்தால் வெள்ளம் வாசலுக்கு வரும்வரை யாருக்கும் தெரியாது.

மூடியில்லாத பாத்திரத்தில் தண்ணீர் நின்றால் கொசு முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வெதுவெதுப்பான காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரங்களையும் காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள் என்று சுகாதாரத் துறையினர் சொல்வது அதனால்தான். இன்னொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. குழாயில் தண்ணீர் வடிந்து காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, இணைப்புகளில் விரிசல் இருந்தால் வெளியிலிருக்கும் அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும்.

இரவுப் பணிக்குப் போய்வந்து பகலில் தூங்குகிறவருக்கு இந்த ஏற்பாட்டில் தண்ணீரே கிடைக்காது. உடம்பு முடியாதவர், கைக்குழந்தை உள்ளவர், மாதவிடாய் நாளில் இருப்பவர் இவர்களுக்கெல்லாம் நேரம் பார்த்துத் தேவை வருவதில்லை. பாதுகாப்பான குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. அது அரசுகளுக்குச் சொன்னதுதான் என்றாலும், வால்வின் கைப்பிடியை வைத்திருக்கிற வீட்டுக்காரரும் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். வாடகை பாக்கிக்காகவோ, வீட்டைக் காலி செய்ய வைப்பதற்காகவோ தண்ணீரை நிறுத்துவது எந்தக் காரணம் சொன்னாலும் நியாயம் ஆகாது. கடும் வறட்சியில் சில நாட்களுக்கு வேறு வழியே இல்லை என்றால் மட்டும் நேரக் கட்டுப்பாடு. அதுவும் எல்லா வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசி, முன்கூட்டியே எழுதி ஒட்டிய பிறகு.

மீட்டர்

அக்கா வீட்டில் இருப்பது இது. பெரிய பொதுத் தொட்டிகள், ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் குழாயில் ஒரு மீட்டர், மாதம் ஒருநாள் எண்ணைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். முதல் மாதத்திலேயே பேச்சின் தன்மை மாறியது என்று அக்கா சொல்வார். யாரோ ஒருவர்மேல் சந்தேகம் என்பது போய், தன் எண் ஏன் கூடியது என்று அவரவர் தேட ஆரம்பித்தார்கள். தண்ணீரை லாரியில் வாங்க வேண்டிய மாதங்களில் இதைவிட நியாயமான பங்கீடு இல்லை. வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்தால் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அநியாயம். தலைக்கணக்குப் பார்த்துப் பிரித்தால் எந்த வீட்டுக்கு எத்தனை விருந்தாளி வந்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள் என்று அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கும் நிலை வந்துவிடும். மீட்டர் இருந்தால் அந்தக் கேள்விகளுக்கு வேலை இல்லை.

ஆனால் மீட்டரை வாங்குவதற்கு முன் உங்கள் கட்டடத்தின் குழாய்களை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒரு குழாய், இரண்டு குளியலறைகளுக்கு இரண்டு குழாய்கள் என்று தொட்டியிலிருந்தே தனித்தனியாக இறங்கும். ஒரு வீட்டுக்கு மூன்று மீட்டர் தேவைப்படும். சில இடங்களில் ஒரே இறக்குக் குழாயில் மேல்மாடிக் குளியலறையும் கீழ்மாடிக் குளியலறையும் தொங்கும். அங்கே சுவரை உடைக்காமலோ புதிய குழாய் ஓட்டாமலோ மீட்டர் வைக்க வழியில்லை. என் கட்டடம் இந்த வகை. நான் மீட்டரைக் கைவிட்டதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் அழுத்தம். மீட்டரின் உள்ளே சக்கரத்தைச் சுழற்றித்தான் தண்ணீர் கடக்க வேண்டும். அதற்கு முன்னால் மணல் பிடிக்கும் வலை வேறு. ஏற்கெனவே இரண்டு மீட்டர் உயரத்தின் அழுத்தத்தில் மெதுவாக வரும் மேல்மாடித் தண்ணீர் இன்னும் மெலிந்துவிடும். பம்பு வைத்து அழுத்தம் கூட்டிய கட்டடங்களில் இந்தத் தொல்லை தெரியாது.

மீட்டர் சொல்வதெல்லாம் உண்மை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 15 மில்லிமீட்டர் வீட்டு மீட்டர்களில் பி வகுப்பு, பெயரளவு ஓட்டம் மணிக்கு 1.5 கன மீட்டர் என்று எழுதியிருந்தால், மணிக்கு 30 லிட்டருக்குக் குறைந்த ஓட்டத்தை அது துல்லியமாகக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. என் கட்டடத்தில் ஒழுகியது மணிக்கு 25 லிட்டர். அப்படியே ஒரு மீட்டர் இருந்திருந்தாலும் அந்த ஒழுக்கைக் குறைத்தே காட்டியிருக்கக்கூடும். எதிர்ப்பக்கத்திலும் பிழை உண்டு: தொட்டி காலியாகி மீண்டும் நிரம்பும்போது குழாயிலிருக்கும் காற்று வேகமாக வெளியேறி மீட்டரைச் சுழற்றிவிடும். தண்ணீரே வராத நாளில் எண் ஏறியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பிழை வராது. வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையைத் தொட்டிக்குள் ஏறிய மொத்த அளவோடு மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பொதுக்குழாயில் கசிவு இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு மீட்டர் சுழலாமல் நிற்கிறது. அந்த வித்தியாசத்தைக் குடித்தனக்காரர்கள் தலையில் கட்டக் கூடாது. அது வீட்டுக்காரர் பொறுப்பு.

கட்டணம் வைப்பதானால், ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று ஓர் அடிப்படை அளவை வாடகைக்குள்ளேயே கொடுத்துவிட்டு, அதற்கு மேல் போனதற்கு மட்டும் வாங்கின விலைக்கே வசூலிப்பதுதான் என் பார்வையில் முறை. தண்ணீரில் லாபம் வைக்கிறார் என்ற எண்ணம் வந்துவிட்டால் மீட்டரின் நம்பகத்தன்மை அன்றோடு போய்விடும்.

வீட்டுக்கு ஒரு தொட்டி

கடைசியில் என் கட்டடத்தில் நான் செய்தது இது. பழைய 2000 லிட்டர் தொட்டி மாடிப்படிக் கூண்டின்மேல் இருந்தது. அதைத் தாய்த்தொட்டியாக வைத்துக்கொண்டு, மொட்டைமாடியில் 500 லிட்டர் தொட்டிகள் நான்கை வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை வால்வு. தண்ணீர் ஏறினால் பந்து மிதந்து வழியை அடைக்கும், இறங்கினால் திறக்கும். ஒரு வீட்டில் வாஷர் தேய்ந்தால் அந்தத் தொட்டிதான் அடிக்கடி நிரம்பும்.

அங்கேதான் ஒரு நுணுக்கம். மிதவை வால்வு தானாக நிரப்பிக்கொண்டே இருந்தால், கசியும் வீடு தாய்த்தொட்டியையும் காலி செய்துவிடும். தனித்தொட்டி வைத்ததன் பயன் அரைகுறையாகிவிடும். ஆகவே தாய்த்தொட்டிக்கும் தனித்தொட்டிகளுக்கும் நடுவில் ஒரு வால்வு வைத்து, காலையிலும் மாலையிலும் திறந்து நான்கையும் நிரப்பி மூடிவிடுகிறோம். ஒரு வேளைக்கு ஒரு வீட்டுக்கு 500 லிட்டர் உறுதி, நாளைக்கு 1000. ஆறு பேர் குடும்பத்துக்கும் அது தாராளம். பெரும்பாலான நாட்களில் மாலைக்குள் எந்தத் தொட்டியும் பாதிக்குக் கீழே இறங்குவதில்லை. நேரம் வைத்துத் திறப்பதுபோலத் தோன்றும். ஆனால் இங்கே வீட்டுக்குள் போகும் குழாயில் தண்ணீர் எப்போதும் நிற்கிறது. தட்டுப்பாட்டின் பயம் குடித்தனக்காரர் வாளிக்கு வருவதில்லை.

ஏன் தாய்த்தொட்டி, மோட்டாரிலிருந்து நேராகவே நான்குக்கும் ஏற்றலாமே என்று குழாய் வேலைக்கு வந்தவர் கேட்டார். ஏற்றலாம். ஆனால் நான்கு மிதவைகளும் அடைத்துக்கொண்ட பிறகும் மோட்டார் ஓடினால், பம்புக்குள் சிக்கிய தண்ணீர் சூடேறிச் சீல் கெட்டுப்போகும். அதைத் தடுக்க அழுத்தம் பார்த்து நிற்கும் சுவிட்சு வேண்டும். அது ஒரு நாள் கெட்டால் மோட்டாரும் போகும். தாய்த்தொட்டி இருந்தால் அதில், நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்சு ஒன்றே போதும். தனித்தொட்டிகளுக்குத் தண்ணீர் தன் எடையிலேயே இறங்கும். இப்படி இறங்குவதற்கு மிதவை வால்வின் துளை பெரிதாக இருக்க வேண்டும். அதிக அழுத்தக் குழாய்க்கென்று செய்த சிறு துளை வால்வை வாங்கிப் போட்டால் ஒரு தொட்டி நிரம்ப மணிக்கணக்காகும். நான் முதலில் அதைத்தான் வாங்கினேன். நான்கையும் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று.

நான்கு தொட்டிகளையும் அடியில் ஒரு குழாயால் இணைத்துவிட்டால் ஒரு வால்வு போதுமே என்றும் ஒரு யோசனை வந்தது. இணைத்தால் எல்லாத் தொட்டியிலும் மட்டம் ஒன்றாகிவிடும். பார்வைக்கு நான்கு, நடப்பில் ஒன்று. பிரித்ததே வீண்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் இரண்டு டன் கூடியது. பொறியாளர் சொன்னபடி உத்திரங்கள் ஓடும் இடத்தின்மேல் செங்கல் மேடை கட்டி அதில்தான் வைத்தோம். மேடை இல்லாமல் தரையோடு வைத்தால் மேல்மாடிக்கு அழுத்தமே இருக்காது. இறக்குக் குழாய்களைப் பிரிக்க வெளிச்சுவரில் புதிய குழாய்களை ஓட்டினோம். மீட்டருக்கும் இதைச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். ஆனால் அழுத்தம் குறைந்த என் மேல்மாடிக்கு மீட்டரின் தடை கூடாது என்று நினைத்தேன். கழுவ வேண்டிய தொட்டிகள் ஒன்றிலிருந்து ஐந்தாயின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்தையும் வடித்துத் தேய்ப்பதற்கு ஒரு முழுநாள் வேண்டும். வீடு காலியாக இருக்கும் மாதங்களில் அந்தத் தொட்டித் தண்ணீர் தேங்கிப் போகும். வடித்து வைத்து, புதியவர் வருவதற்கு முன் கழுவி நிரப்ப வேண்டும். வெளிச்சம் புகாத தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும்.

பத்து இருபது வீடுகள் இருக்கும் கட்டடத்துக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். அங்கே மொட்டைமாடி முழுவதும் தொட்டிகளாகிவிடும். அங்கே மீட்டர்தான். ஆறு வீடுகள் வரை, குறிப்பாக மீட்டருக்கு இடம் கொடுக்காத பழைய குழாய்களோடு இருக்கும் கட்டடத்துக்குத் தனித்தொட்டி. இரண்டு வீடுகளுக்கு, உயரம் மாற்றிய துளைகளோடு பொதுத் தொட்டி.

மோட்டாரை யார் போடுவது

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு குடித்தனக்காரரிடம் சாவி கொடுத்து மோட்டார் போடச் சொல்வது அவருக்குச் சம்பளமில்லாத வேலை. அவர் மறந்த நாளில் எல்லோர் ஏச்சும் அவருக்கு. மிதவை சுவிட்சு வையுங்கள். கீழ்த்தொட்டியிலும் ஒன்று கட்டாயம் வேண்டும், கீழே தண்ணீர் இல்லாதபோது மோட்டார் வெறுமனே ஓடாமலிருக்க. கம்பி முனைகளால் மட்டம் அறியும் கருவிகளில், உப்பு கூடிய தண்ணீரில் முனையில் சுண்ணாம்பு படிந்து சில மாதத்தில் தவறாகக் காட்டும், துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒலியலை கொண்டு மட்டம் அளந்து தொலைபேசிக்கு அனுப்பும் கருவி, வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தால் உதவும். நள்ளிரவில் மட்டம் இறங்குகிறதா என்று அங்கிருந்தே பார்க்கலாம். அதன் முகத்தில் ஆவி படிந்தால் அளவு குழம்பும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

எந்தக் கருவி வைத்தாலும், தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரை வெளியே விடும் வழிவுக் குழாயை மறக்கக் கூடாது. உள்ளே வரும் குழாயைவிட அது பருமனாக இருக்க வேண்டும். வாயில் கொசுவலை இருக்க வேண்டும். அதன் முனையைப் பின்பக்கச் சாக்கடையில் ஒளித்து விடாதீர்கள். நாலு பேர் நடக்கும் இடத்தில், பார்த்தவுடன் தெரியும்படி விடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீருக்கு ஒரு பத்தி ஒதுக்கி, ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உறுதி, கழுவும் செலவு யாருடையது, வீட்டுக்குள் ஒழுகும் வாஷரை யார் மாற்றுவது, மோட்டார் பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்றுத் தண்ணீர் வரும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வாஷரை நான் என் செலவில் வைத்துக்கொண்டேன். குடித்தனக்காரர் தலையில் போட்டால் ஒழுகுவதை அவர் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலை ஒரு நாளைக்கு 600 லிட்டர்.

சென்ற மாதம் ஒருநாள் காலை, நான்கு வழிவுக் குழாய்களும் வரிசையாக இறங்கும் படிக்கட்டுப் பக்கத்தில் ஒன்று சொட்டத் தொடங்கியது. முதலில் பார்த்துச் சொன்னவர் கீழ்வீட்டுப் பெரியவர். "மூன்றாவது தொட்டி தம்பி, மிதவை பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்றார். மேலே போய்ப் பார்த்தேன். பந்தின் கம்பு வளைந்திருந்தது. அரை மணி நேர வேலை. கீழே அவர் ஒரு டம்ளரை வைத்துச் சொட்டுவதைப் பிடித்து வைத்திருந்தார். நிமிடத்துக்கு நூறு மில்லி, இப்படியே நாள் முழுவதும் போனால் 144 லிட்டர் என்று அவரே கணக்கும் போட்டிருந்தார்.